ஒரே முடக்கு, மூன்று வண்டி: மலைநாட்டு இறக்கத்தில் உடம்பை எங்கே வைப்பது?

நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் ஏ5 வீதியில் மூன்று வகை இருசில்லு வண்டிகளும் ஓடுகின்றன. வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் எந்நாளும் உண்டு. விடுமுறை நாட்களில் ஒல்லி டயர் ரோட் பைக்குகள் வரும். தேயிலை மலைக்குள்ளிருந்து மண் அப்பிய மவுண்டன் பைக்குகள் திடீரென்று தார் ரோட்டில் ஏறும். இப்போது ஒரே ஆளே மூன்றையும் ஓட்டுவதும் சாதாரணமாகிவிட்டது. அங்கேதான் கவனம் வேண்டும். முடக்கில் விழுகிறவர்களில் பலருக்கு வண்டி ஓட்ட நன்றாகவே தெரியும். ஒரு வண்டியில் கை, கால், இடுப்பு பழகிய பழக்கத்தை யோசிக்காமல் இன்னொரு வண்டிக்குக் கொண்டுபோவதால்தான் விழுகிறார்கள்.

மூன்றுக்கும் கணக்கு ஒன்றுதான். முடக்கில் எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் முடக்கின் ஆரமும் தீர்மானிக்கின்றன. எடைக்கு அதில் பங்கில்லை. 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு கொண்டையூசி வளைவை மணிக்கு 20 கிலோமீற்றரில் எடுத்தால் சுமார் 12 பாகை சாய்ந்தால் போதும். 30 இல் அது 25 பாகை ஆகிறது, 40 இல் 40 பாகை. வேகம் இரட்டிப்பானால் டயர் பக்கவாட்டில் தாங்க வேண்டிய விசை நான்கு மடங்காகும் என்பதே இதன் பொருள். உள்பக்கத் தடத்தில் ஆரம் 8 மீற்றராகச் சுருங்கினால் அதே 20 கிலோமீற்றருக்கே 21 பாகைக்கு மேல் சாய வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே இடது முடக்கு எப்போதும் உள்தடம், வலது முடக்கு வெளித்தடம். வலது முடக்கில் சரியாக இருந்த வேகம் அடுத்து வரும் இடது முடக்கில் அதிகமாகிவிடும்.

கணக்கு ஒன்றாக இருந்தும் உடம்பை வைக்கும் விதம் மாறுவதற்கு எடைப் பங்கீடுதான் முதல் காரணம். 65 கிலோ ஆள் 9 கிலோ ரோட் பைக்கில் ஏறினால் மொத்த எடையில் முக்கால் பங்குக்கும் மேல் ஆள்தான். 14 கிலோ மவுண்டன் பைக்கிலும் கதை அதேதான். 150 சிசி மோட்டார் சைக்கிள் 145 கிலோ அளவில் நிற்கும். அங்கே ஆள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சைக்கிளில் இடுப்பை நாலு விரற்கடை நகர்த்தினால் எடை மையமே நகரும். மோட்டார் சைக்கிளில் அதே அசைவு ஒரு சின்னத் திருத்தம் மட்டும். இரண்டாவது காரணம் டயருக்குக் கீழே இருப்பது. தார் ஓரளவு நம்பக்கூடியது. தேயிலை மலை மண் ஒவ்வோர் அடிக்கும் மாறும்.

ரோட் பைக்: வண்டியோடு சேர்ந்து சாய்வது

ரோட் பைக்கில் உடம்பும் வண்டியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் சாயும். முடக்குக்கு முன்பே கைகள் ஹேண்டிலின் கீழ்ப்பிடிக்குப் போய்விட வேண்டும். மேலே பிடித்தால் பிரேக் லீவரின் மேல்முனையில் விரல் விழும். அங்கே நெம்புகோல் பலம் குறைவு, குழியில் விழுந்தால் கை வழுக்கவும் கூடும். வெளிப்பக்கப் பெடல் கீழே, உள்பக்கப் பெடல் மேலே. உள்பெடல் கீழே இருந்தால் சாய்வில் அது தரையைத் தட்டும், பின் சில்லு தூக்கிக்கொள்ளும்.

வெளிக்காலைக் கீழே வைத்தால் மட்டும் போதாது, அதன் மேல் உண்மையிலேயே எடை இறங்க வேண்டும். சீட்டில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடுப்பு இலேசாகியிருந்தால் சரி. எல்லா எடையும் சீட்டிலேயே இருந்தால் ஒட்டுப்போட்ட தாரில் பின் சில்லு துள்ளும். முழங்கைகள் மடங்கியிருக்கட்டும். பயத்தில் கையை விறைத்துக்கொண்டால் ஹேண்டில் திரும்பவே திரும்பாது, வண்டி நேரே மறுபக்கத்துக்கு ஓடும்.

டயர் காற்றில் இன்னும் பழைய நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லுப்போல அடித்தால்தான் வேகம் என்று 28 மில்லிமீற்றர் டயருக்கு 110 பிஎஸ்ஐ ஏற்றுகிறார்கள். 65 கிலோ ஆளுக்கு 70 முதல் 80 வரை போதும். மழை நாளில் இன்னும் ஐந்து குறைக்கலாம். மலைநாட்டு வீதிகளில் தார் ஒட்டுகளும் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய கோடுகளும் நிறைய. கடினமான டயர் அவற்றின் மேல் குதிக்கும். சாய்ந்திருக்கும்போது குதித்த டயர் அதே இடத்தில் இறங்குவதில்லை.

மவுண்டன் பைக்: வண்டியை மட்டும் சாய்ப்பது

ஹப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைப் பக்கம், ஹந்தானை மலைச்சரிவு, நக்கிள்ஸ் அடிவாரம் போன்ற இடங்களின் தோட்டத்து வழிகளில் ரோட் பைக் முறை செல்லாது. அங்கே உடம்பு நிமிர்ந்து நிற்க, வண்டி மட்டும் உடம்புக்குக் கீழே சாய வேண்டும். சிறுகல்லும் புழுதியும் உள்ள தட்டை முடக்கில் உடம்பும் சேர்ந்து சாய்ந்தால் டயர் நழுவும் கணத்தில் ஆளும் போய்விடுவார். உடம்பு டயருக்கு நேர் மேலே இருந்தால் சில்லு ஒரு சாண் நழுவினாலும் நிமிர்ந்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

செய்யும் விதம் இது. சீட்டை முழுதாக இறக்கிவிடுங்கள். ஓடும்போதே சீட்டைத் தாழ்த்தக்கூடிய இறங்கும் சீட்குழாய் இல்லாவிட்டால் இறக்கம் தொடங்குமுன் நின்று ஐந்து சென்ரிமீற்றராவது தாழ்த்துங்கள். எழுந்து நின்று, நெஞ்சை ஹேண்டிலுக்கு மேல் தாழ்த்தி, முழங்கைகளை வெளியே விரியுங்கள். உள்கையை நேராக நீட்டி ஹேண்டிலின் அந்தப் பக்கத்தைக் கீழே தள்ளுங்கள்; வெளிக்கை மடங்கும். இடுப்பை வெளிப்பக்கம் நகர்த்தி, தொப்புள் முடக்கின் முடிவைப் பார்க்கும்படி திருப்புங்கள். தட்டை முடக்கில் வெளிக்கால் கீழே. அணை கட்டியதுபோல் வெளிச்சுவர் உயர்ந்த முடக்கானால் இரு பெடலும் மட்டமாக இருக்க, அங்கே மட்டும் உடம்பும் வண்டியோடு சாயலாம். சுவரே டயரைத் தாங்கும்.

அரைகுறையாகச் சாய்ப்பது ஆபத்து. இந்த டயரில் நடுவில் ஒரு வரிசைக் கட்டைகளும் ஓரத்தில் பெரிய கட்டைகளும் இருக்கும், இடையில் பல டயர்களில் ஒரு வெற்றிடம். கொஞ்சம் சாய்த்தால் வண்டி அந்த வெற்றிடத்தின் மேல் நிற்கும், பிடிமானம் குறையும். துணிந்து சாய்த்தால் ஓரக்கட்டைகள் மண்ணைக் கடிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் வழுக்கியதும் வண்டியை நிமிர்த்தி அந்த வெற்றிடத்துக்கே திரும்பிப் போகிறார்கள். 2.3 அங்குல டயருக்கு உள்ளே குழாய் (டியூப்) இல்லாமல் 22 முதல் 26 பிஎஸ்ஐ, குழாய் உள்ளதென்றால் 28 அல்லது 30. அதற்கும் குறைத்தால் கல் இடித்துக் குழாயில் பாம்புக் கடிபோல இரட்டைத் துளை விழும்.

தேயிலை மலையில் குறுக்கே வெட்டிய கான்கள் தனி விஷயம். முடக்கின் நடுவில் கான் வந்தால் சாய்ந்தபடி அதைக் கடக்கக் கூடாது. கானுக்கு முன் வண்டியை நிமிர்த்தி, முன் சில்லை இலேசாக்கி, செங்கோணத்தில் கடந்து, பிறகு மறுபடி சாய வேண்டும். ஒரு முடக்கை இரண்டு சிறு முடக்குகளாக உடைப்பதுதான் வழி. பின் பிரேக்கை இறுக்கி வாலைச் சறுக்கித் திருப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்தச் சறுக்கல் கீறிய தடத்தில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும். சில மாதங்களில் அது வாய்க்காலாகி, கொழுந்துக் கூடையோடு இறங்குகிற பெண்களின் நடைபாதையை அரித்துவிடும். அது அவர்கள் அன்றாடம் நடக்கும் வழி.

மோட்டார் சைக்கிள்: வண்டியைவிட உடம்பு உள்ளே

இங்கே நிலைமை தலைகீழ். உடம்பு முடக்கின் உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தால் அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். கால்வைப்பும் சைலன்சரும் தரையைத் தட்டாது, டயரும் இன்னும் நடுப்பகுதியில் நிற்கும். பந்தயக்காரர்போல் முழங்கால் தேயத் தொங்க வேண்டியதில்லை. நாடி உள்பக்கக் கண்ணாடியை நோக்கிப் போகட்டும்; வெளி முழங்கால் டாங்கியை அணைத்துப் பிடிக்கட்டும்; உள் முழங்கை தளர்ந்திருக்கட்டும். மவுண்டன் பைக் பழகியவர் மோட்டார் சைக்கிளை மட்டும் கீழே தள்ளி, தான் நிமிர்ந்து உட்காருவதை இங்கே அடிக்கடி பார்க்கலாம். தார் ரோட்டில் 40 இல் போகும்போது அது கால்வைப்பைத் தட்டவைக்கும் வழி.

ஒரு விலக்கு உண்டு, மலைநாட்டில் அது முக்கியமானது. மணிக்கு 15 கிலோமீற்றருக்குக் கீழே எடுக்க வேண்டிய இறுகிய இடது முடக்கில் மோட்டார் சைக்கிளும் மவுண்டன் பைக் முறைக்குத் திரும்புகிறது. உடம்பு நிமிர்ந்து வெளிப்பக்கம், வண்டி உள்ளே சாய, கிளச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை இலேசாக இழுத்தபடி வேகத்தைச் சீராக்க வேண்டும். இங்கே முன் பிரேக்கைத் தொட்டால் ஹேண்டில் திரும்பிய நிலையில் முன் ஃபோர்க் அமுங்கி வண்டி அந்த இடத்திலேயே சாய்ந்துவிடும்.

பின்னால் ஆள் இருந்தால் அவர் உங்கள் உள்பக்கத் தோளுக்கு மேலாகப் பார்க்கட்டும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். பயந்து எதிர்ப்பக்கம் சாய்கிற ஆளால் வண்டி விரிந்து ஓடும். அரிசி மூட்டை, புல்லுக்கட்டு போன்றவற்றைப் பின் சில்லுக்கும் பின்னால் கட்டினால் முன் சில்லு இலேசாகி, திரும்பச் சொன்னாலும் தாமதமாகத் திரும்பும். சுமையை முடிந்தவரை முன்னே, தாழ்வாகக் கட்டுங்கள்.

மூன்று வண்டிக்கும் பொதுவான ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். மெதுவாக உருட்டும் வேகத்தைத் தாண்டிவிட்டால் இடப்பக்கம் திரும்ப இடது கையால் ஹேண்டிலை முன்னே தள்ள வேண்டும். ஒரு கணம் சில்லு எதிர்ப்பக்கம் போகும், அதனால் வண்டி இடப்பக்கம் சாயும், பிறகு திரும்பும். சைக்கிளில் இதை உடம்பு தானாகச் செய்கிறது; விரல் அழுத்தமே போதும். கனமான மோட்டார் சைக்கிளில் தெரிந்தே தள்ள வேண்டும். முடக்கு நினைத்ததைவிட இறுகும்போது உயிர் காப்பது இந்த ஒரு தள்ளல்தான். பீதியில் பலர் எதிர்மாறாக, ஹேண்டிலை முடக்கின் பக்கம் திருப்பப் பார்க்கிறார்கள். வண்டி நிமிர்ந்து நேரே போகிறது.

பிரேக்: சைக்கிளுக்கு முந்தியே தொடங்க வேண்டும்

டயரின் பிடிமானம் ஒரு முழுத்தொகை. முடக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் பிரேக்குக்கு. பிடிமானத்தில் 70 வீதத்தை முடக்கு எடுத்திருந்தால் பிரேக்குக்கு இன்னும் 70 வீதமளவு கிடைக்கும். விசைகள் செங்கோணத்தில் கூடுவதால் கணக்கு அப்படி. முடக்கு 90 வீதத்தை எடுத்திருந்தால் பிரேக்குக்கு 44 தான். முழுச் சாய்வில் பிரேக்கைப் பிடித்தால் ஏன் உடனே போய்விடுகிறது என்பதற்கு இதுவே விடை. மோட்டார் சைக்கிளில் இன்னொன்றும் நடக்கும். சாய்வில் அகன்ற முன் டயர் உள் ஓரத்தில் நிற்பதால், அங்கே பிரேக் விழுந்ததும் வண்டி நிமிர்ந்து வெளியே ஓடப் பார்க்கும்.

இனி வருவதுதான் மோட்டார் சைக்கிளிலிருந்து ரோட் பைக்குக்கு மாறுகிறவர் தலையில் பதிக்க வேண்டியது. சைக்கிளில் எடை மையம் உயரம், சில்லுகளின் இடைவெளி குறைவு. மட்டமான ரோட்டில் புவியீர்ப்பின் பாதியளவுக்குச் சற்று மேலே பிரேக் பிடித்தாலே பின் சில்லு தூக்கும். நூற்றுக்குப் பத்துச் சரிவுள்ள இறக்கத்தில் அந்த எல்லையிலிருந்து இன்னொரு பத்தில் ஒரு பங்கு புவியீர்ப்பு கழிந்துவிடும். மோட்டார் சைக்கிள் நீளமானது, தாழ்வானது, நல்ல டயரோடு அதைவிட எவ்வளவோ வேகமாக நிற்கும். மலிவான கம்பி பிரேக் போட்டாலும் ஹைட்ராலிக் டிஸ்க் போட்டாலும் சைக்கிளின் இந்த எல்லை மாறாது. பிரேக் பிடிக்கும்போது இடுப்பைப் பின்னே தள்ளுவது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

அந்தச் சரிவில் உலர்ந்த ரோட்டில், ஒரு வினாடி உணரும் நேரத்தையும் சேர்த்து, சைக்கிள் நிற்கும் தூரம் 20 கிலோமீற்றரில் சுமார் 10 மீற்றர், 30 இல் 17, 40 இல் 27. இடது முடக்கில் மண்மேடு மறைத்து 20 மீற்றர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வருகிறவரும் நிற்க இடம் வேண்டும், ஆகவே உங்கள் பங்கு 10 மீற்றர். அந்த முடக்குக்கு 20 தான் வேகம். டயர் எவ்வளவு நல்லதென்றாலும் மாற்றமில்லை.

நீண்ட இறக்கத்தில் வெப்பமும் சேரும். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ 1000 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்று ஒரு பகுதியைத் தின்னும், மிச்சம் பிரேக்கில். ரிம் பிரேக்கை இடைவிடாமல் இலேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறிக் குழாய் வெடிக்கும். கார்பன் ரிம் உருக்குலையும். நேர் ரோட்டில் வேகத்தை ஏற விட்டு, முடக்குக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முற்றாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் ரிம் ஆறும். மழையில் ரிம் பிரேக்கின் முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதற்கே போகும். அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

மோட்டார் சைக்கிளில் எஞ்சினே பிரேக். ஏறுவதற்குத் தேவைப்படும் கியர்தான் இறங்குவதற்கும். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது இங்கே பலருக்கு வழக்கம். பழைய வண்டிகளின் டிரம் பிரேக் சூடேறி மங்குவதற்கு இதைவிட நேர்வழி இல்லை. நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி போன்ற செங்குத்தில் அதைச் செய்யவே கூடாது. 2023 ஜனவரியில் ஒரு பஸ் வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் உயிரிழந்த இறக்கம் அது. நமது பிரேக் நன்றாக இருந்தாலும் பின்னால் வரும் கனரக வண்டியின் பிரேக் எப்படி என்று தெரியாது; நெருங்கி வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

பஸ் எங்கே வரும்?

பந்தயத் தடம், அதாவது வெளியே தொடங்கி உள்ளே தொட்டு வெளியே முடிப்பது, மூடிய ரோட்டுக்கு உரியது. நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் அது பொருந்தும். பஸ் ஓடும் ரோட்டில் பொருந்தாது. இங்கே உங்கள் பாதி ரோட்டுக்குள்தான் தடம்.

இறங்கும்போது வலது கொண்டையூசி உங்களுக்கு வெளித்தடம், ஏறி வரும் பஸ்ஸுக்கோ அது இறுகிய உள்தடம். நீளமான பஸ் அந்த இடது திருப்பத்தை எடுக்க முதலில் வலப்பக்கம் வீச வேண்டும். வீசுகிற இடம் உங்கள் தடம். சாரதி விதி மீறவில்லை, வேறு வழியில்லை. ஹோர்ன் கேட்டால், அல்லது கீழ் முடக்கில் கூரை தெரிந்தால், முடக்குக்கு முன்பே நில்லுங்கள். கண்டி–மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் மேலிருந்தே கீழ் வளைவுகள் தெரியும். ஒன்றைத் திரும்பும்போதே அடுத்த இரண்டையும் பார்த்துவிடலாம். இடது கொண்டையூசியில் ஆபத்து வேறு: பஸ்ஸின் முன்பகுதி தாண்டிவிட்டது என்று நம்பிக் கிட்டப் போனால், பின் சில்லுகள் உள்ளே வெட்டி உங்கள் பக்கம் வரும். பின் பம்பர் தாண்டும்வரை இடம் விடுங்கள்.

வலது முடக்கில் வெள்ளைக் கோட்டையொட்டிச் சாய்கிற மோட்டார் சைக்கிள்காரர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டயர் தன் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் 30 பாகை சாய்வில் தலை டயரிலிருந்து அரை மீற்றருக்கும் மேல் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்த் தடத்தில் போவது தலைக்கவசம். கோட்டுக்கு ஒரு மீற்றர் இப்பால் இருப்பதே சரி.

ரோட்டின் மேற்பரப்பும் பருவத்தோடு மாறும். மே முதல் செப்ரெம்பர் வரை ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஈரம். வருடக் கடைசியில் பதுளை, பண்டாரவளைப் பக்கம். நாள் முழுதும் பெய்த மழையைவிட, வெயிலுக்குப் பிறகு விழும் முதல் பத்து நிமிடத் தூறல் மோசம். புழுதியும் எண்ணெயும் கலந்து மெழுகும். பைன் ஊசி இலை படிந்த நிழல் முடக்கு உலர்ந்திருந்தாலும் வழுக்கும். லொறிகள் ஏறும் முடக்கின் உள்பக்கத்தில் டீசல் சிந்தியிருக்கும். ஈரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் வண்டியை நிமிர்த்தி, பிரேக்கும் எக்ஸலேட்டரும் தொடாமல் கடந்துவிடுங்கள். தோட்டத்து வழி தார் ரோட்டில் சேருமிடத்தில் மண்ணும் சரளையும் விசிறியிருக்கும். மவுண்டன் பைக்குக்கு அது ஒன்றுமில்லை, 28 மில்லிமீற்றர் டயருக்கு அதுவே விழுமிடம்.

பழகுவதற்குத் தோட்டத்து விளையாட்டு மைதானம் போதும். நான்கு கற்களை வைத்து ஐந்து மீற்றர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். மவுண்டன் பைக்கில் இரு பக்கமும் பத்துச் சுற்று, வண்டி மட்டும் சாய, உடம்பு நிமிர. மோட்டார் சைக்கிளில் அதே வட்டத்தைப் பாதிக் கிளச்சும் பின் பிரேக்குமாக. ரோட் பைக்கைப் புல்லில் ஓட்டாமல், வெறிச்சோடிய தார்த் துண்டில் வெளிப்பெடலை மிதிக்கும் பழக்கத்தை மட்டும் எடுங்கள். பெரும்பாலோருக்கு வலப்பக்கம் கடினமாக இருக்கும். அந்தப் பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். வாரம் முழுதும் மோட்டார் சைக்கிள் ஓட்டிவிட்டு ஞாயிறு ரோட் பைக்கில் இறங்குகிறவர், முதல் மூன்று முடக்குக்கும் தன் கை பிரேக்கைத் தேடும் இடத்துக்கு ஒரு மின்கம்பத் தூரம் முன்பே பிரேக்கைத் தொடங்கட்டும். நான்காவது முடக்குக்குள் கைக்குத் தூரம் பிடிபட்டுவிடும்.